இன்னும் ஒரு வெயில்

உங்கள் வீட்டு நாய்க்கு இன்று காலை தட்டில் கொட்டிய உணவு எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? கடையின் பெயரை நான் கேட்கவில்லை. எந்த ஆலையில் செய்தது, எந்தக் களஞ்சியத்தில் கிடந்தது, யாருடைய கைகள் அதைப் பையில் அள்ளிப் போட்டன என்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. பெயரில்லாத பொலித்தீன் பையில் இருந்தது, மலிவாக இருந்தது, நாய் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. உங்களுக்கு விடயம் அதோடு முடிந்துவிட்டது.

இமெல்டாவுக்கு அப்படி முடியவில்லை. இத்தனைக்கும் அவள் வீட்டில் நாயே இல்லை.

கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில்தான் அவளுடைய வீடும். கீழே ஒரு கூடம், ஒரு அறை, ஒரு குசினி. மேலே கூரை போட வசதி வராமல் வெறும் கொங்கிரீட் தட்டாக நின்றுபோன ஸ்லாப். அதில் உடுப்புக் காயும், தண்ணீர்த் தாங்கி நிற்கும். புருஷன் ரொனிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் கொள்கலன்களைச் சங்கிலி போட்டு இறுக்குவான். ரொனியின் அக்கா கொன்ஸ்ரன்ஸும் அவர்களோடு இருந்தாள். புருஷன் இறந்து, இரண்டு மகன்களும் கட்டாருக்குப் போன பிறகு, தம்பியின் வீட்டையும் தம்பியின் பெண்சாதியையும் மேற்பார்வை செய்வதே அவளுடைய உத்தியோகம்.

இமெல்டாவுக்குக் கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. கொன்ஸ்ரன்ஸ் அதைப் பற்றிச் சொல்லாத சொல் இல்லை. அவர்கள் வைத்தியம் செய்தார்கள், கோயிலுக்கு நேர்த்தியும் வைத்தார்கள். நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயதில் ரொஷேல் பிறந்தபோது நல்ல பெயர் முழுவதும் நேர்த்திக்கே போனது. வைத்தியருக்கு ஒரு நன்றிகூட இல்லை. அது கிடக்கட்டும். பிள்ளை வந்தது. அந்த வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. கொன்ஸ்ரன்ஸ்கூடப் பேச்சை மாற்றிக்கொண்டாள். "என்ட மூக்கு, பார். அப்படியே என்ட மூக்கு" என்று ஒழுங்கை முழுவதும் பிள்ளையைக் காட்டித் திரிந்தாள்.

இமெல்டா அதுவரை வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை விற்றுக்கொண்டிருந்தவள். பிள்ளைக்காக வேலையை விட்டாள். துணிக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் நாகேந்திரம் அப்போதுதான் அவளைக் கூப்பிட்டு ஒரு கைவேலை கொடுத்தார். அவருடையது வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை: மீன் தொட்டி, கிளிக்கூடு, நாய்ச் சங்கிலி, நாய்ச் சாப்பாடு. நாடு நொடித்துப்போன வருடத்திலிருந்து வெளிநாட்டுப் பை வாங்க வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரர்களுக்கும் கை நடுங்கியது. ஆனால் பொமரேனியனுக்கு அது தெரியுமா? ஆகவே பெரிய மூட்டையைப் பிரித்து, சின்னப் பைகளில் போட்டு, பெயரோ திகதியோ இல்லாமல் விற்பது வழக்கமாகியது. அந்தச் சின்னப் பைகளைக் கட்டியது இமெல்டா. கூடத்துத் தரையில் படங்கு என்கிற தார்ப்பாயை விரித்து, மூட்டையைக் கொட்டி, அளந்து போட்டு, பையின் வாயை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி ஒட்டுவாள்.

வேலைக்கு ஒரு விதி இருந்தது. தண்ணீர் கூடாது.

"ஈரக் கையோட தொட்டுப்போடாதையும்," என்று நாகேந்திரம் முதல்நாளே சொல்லியிருந்தார். "ஒரு சொட்டுப் பட்டாலும் பூஞ்சணம் பிடிச்சிடும். துடைக்கிறதெண்டால் காய்ஞ்ச துணி."

இந்த விதி இமெல்டாவுக்குப் புதிதல்ல. அவள் மன்னார்க் கரையில், பேசாலையில், கருவாட்டு வாடியில் பிறந்தவள். தகப்பன் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்து கருவாட்டு மொத்தக்கடையில் நின்றவர். அந்த ஆட்களுக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்தான்: ஈரமானது கெடும், காய்ந்தது கெடாது. ஊத்தை, புழு, நோய் எல்லாம் ஈரத்தின் பிள்ளைகள். உப்பும் வெயிலும் பட்ட பொருளை எங்கேயும் அனுப்பலாம், எவரும் தின்னலாம். தலைமுறை தலைமுறையாக மீனில் சரியாக வந்த கணக்கு அது. சரியாக வந்தபடியால்தான் அதை யாரும் திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை.

பிள்ளையின் பால்போத்தலை அவள் கொதிநீரில் அவிப்பாள். மிட்வைஃப் சொன்னதற்கு மேலாக ஒரு தரம் அவிப்பாள். முட்டை தொட்டால் கை கழுவுவாள், மீன் தொட்டால் கழுவுவாள். நாய்ச் சாப்பாடு தொட்டால் துணியில் துடைப்பாள். அது காய்ந்த பொருள்.

ரொஷேல் தவழத் தொடங்கியிருந்த அந்த வருடக் கடைசியில் வெள்ளம் வந்தது. களனி ஆறு பெருகி, கரையோரத்துக் களஞ்சியங்களுக்குள் புகுந்தது. ஆற்று நீரோடு கக்கூஸ் குழிகள், கோழிப்பண்ணைகள், செத்த மாடுகள் எல்லாம் சேர்ந்து வந்ததைக் கொழும்பில் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு லொறி எங்கள் ஒழுங்கை வாசலில் வந்து நின்றது. நாகேந்திரம் முன்சீற்றிலிருந்து இறங்கினார்.

"பெரிசா ஒண்டுமில்லைத் தங்கச்சி," என்றார். "அடியில கிடந்த மூட்டையளுக்குக் கொஞ்சம் ஈரம் பிடிச்சிட்டுது. சாமான் முதல்தரம். எறிய மனம் வருகுதில்லை."

இமெல்டா மூட்டையைப் பிரித்து முகர்ந்தாள். "மணக்குது அண்ணை."

"நாய்ச் சாப்பாடு மல்லிகைப்பூ மாதிரியே மணக்கும்?"

கதவடியில் நின்ற கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கருவாட்டு வாடியில வளர்ந்த மூக்கு. கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகு மேடத்துக்கு மணக்குதாம்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்," என்றார் நாகேந்திரம். "உமக்குக் காயவைக்க நான் சொல்லித் தரவேணுமே? மேல ஸ்லாப் சும்மாதானே கிடக்கு. ரெண்டு மூண்டு வெயில் காட்டினால் கலகலவெண்டு வந்திடும்."

அவள் முகத்தில் அப்போது வந்த வெட்கம் கலந்த பெருமையை நான் பார்த்தேன். அந்த வீட்டில் அவளுடைய பிறந்த இடத்தை யாரும் நல்லதுக்காகச் சொன்னது அதுதான் முதல்தடவை.

அவள் அதை எத்தனை திருத்தமாகச் செய்தாள்! ஸ்லாப் முழுவதும் படங்கு விரித்தாள். ஒரு தீனி மணி ஒன்றின்மேல் ஒன்று கிடக்காமல் கையால் பரப்பினாள். வெயில் ஏற ஏறப் புரட்டினாள். காகம் இறங்காமல் கறுப்புத் துணி கட்டினாள். மழைக்காலத்தின் மங்கல் வெயில்; மேகம் வந்தால் அள்ளிக்கொண்டு ஓடுவாள், விலகினால் மறுபடி விரிப்பாள். பிள்ளையையும் மேலேதான் வைத்திருந்தாள். கொன்ஸ்ரன்ஸுக்கு முழங்கால் வருத்தம். தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால் ஓட முடியாது. தாங்கியின் நிழலில் ஒரு பாய் போட்டு ரொஷேலை இருத்திவிட்டு இவள் வேலை செய்வாள். பிள்ளை பாயில் நிற்குமா? படங்கின் ஓரம்வரை தவழ்ந்து வரும். ஒரு மணியைக்கூட வாயில் வைக்க அவள் விட்டதில்லை. தூக்கி மறுபடி பாயில் இருத்துவாள்.

பிள்ளைக்கு அப்போது பல்லு முளைத்துக்கொண்டிருந்தது. பல்லீறு, எங்கள் பேச்சில் முரசு, தினவெடுத்தால் வீரிட்டு அழும். தாய்மார் செய்வதையே இமெல்டா செய்தாள். கையைக் காய்ந்த துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விரலை மடித்து, மூட்டு மொளியை வாய்க்குள் கொடுப்பாள். பிள்ளை இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கடித்துச் சப்பும். அழுகை நிற்கும். தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த விரலில்தான் இருந்தது.

முதலில் வயிற்றால் போனது. பிறகு சீதமும் இரத்தமும்.

"பல்லு வயித்தால," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "என்ட ரெண்டுக்கும் இப்படித்தான் போனது. கொத்தமல்லி அவிச்சுக் குடு. சும்மா பயந்து சாகாத."

"ரத்தம் போகுதே மச்சாள்."

"முரசு கிழிஞ்ச ரத்தம் வயித்துக்குள்ள போய் வெளிய வருது. ஒரு பிள்ளை பெத்த உனக்குத் தெரியுமா, ரெண்டு பெத்த எனக்குத் தெரியுமா?"

பல்லுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகத்தில் எந்தப் பிள்ளையும் பல்லு முளைத்ததால் இரத்தமாகப் போகாது. அந்த வயதில் பிள்ளை தவழும், கண்டதையும் வாயில் வைக்கும். கிருமி உள்ளே போகும் காலமும் பல்லு வரும் காலமும் ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம் அது. படித்த வீடுகளிலும் இதைச் சொல்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் இந்த ஒரு வசனத்தால் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

காய்ச்சல் ஏறி, ஒரு மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது ரொனி வேலையில் நின்றான். இமெல்டா ஹவுஸ்கோட்டோடு ஒழுங்கைக்கு ஓடிவந்து, முதலில் கண்ட ஆட்டோவில் ஏறினாள். அவளுடைய ஹவுஸ்கோட்டின் மடியில் அப்போதும் அந்தப் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் யதுஷா என்ற இளம் டொக்டர் பிள்ளையைப் பொறுப்பெடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். வேகமாக வேலை செய்தாள். கேட்க வேண்டியதையும் கேட்டாள்.

"வீட்டில நாய், பூனை, கோழி, ஆமை ஏதும் வளக்கிறீங்களே?"

"இல்ல டொக்டர். ஒண்டும் இல்ல. நாங்க துப்பரவா இருக்கிற ஆக்கள்."

"பச்சை முட்டை, கொதிக்காத பால் ஏதும் குடுத்தீங்களே?"

"ஐயோ, இல்ல டொக்டர்!"

அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பிள்ளையின் இரத்தத்தில் சல்மொனெல்லா என்ற கிருமி வளர்ந்திருப்பதாக ஆய்வுகூடம் சொன்னதும் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இமெல்டா ஆஸ்பத்திரியில். கொன்ஸ்ரன்ஸ்தான் வீட்டைக் காட்டினாள். மனிதர் நல்லவர். தாங்கியில் தண்ணீர் எடுத்தார், குளிர்ப்பெட்டியைத் திறந்தார், முட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த மூட்டைகளைக் கண்டு, "மேவா மொனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார், இவை என்னவென்று.

"பல்லன்ட கேம, மஹத்தயா." நாய்களுக்கான சாப்பாடு என்று கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள்.

"ஆ, சத்துங்கே கேமத? ஏக்க அபே வெட நெவெய், நங்கி." மிருகச் சாப்பாடா, அது எங்கள் வேலை அல்ல, தங்கச்சி. சொல்லிவிட்டு அவர் முட்டைக்குத் திரும்பினார்.

கொட்டாஞ்சேனை வீடொன்றின் மாடிப்படிக்குக் கீழே, மனிதச் சாப்பாட்டையும் மிருகச் சாப்பாட்டையும் பிரித்து ஒரு கோடு போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! மனிதர் கையால்தான் மிருகச் சாப்பாட்டைத் தொடுகிறார்கள் என்பதை இந்தக் கோட்டை வரைந்தவர்கள் யோசிக்கவில்லை. கிருமிக்கு இலாகா தெரியாது.

கிருமி ரொஷேலின் மூளை உறைவரைக்கும் போயிருந்தது. மருந்து ஏற்றினார்கள். கொஞ்சநாள் பிள்ளை தாயை அடையாளம் கண்டது. பிறகு காணவில்லை. ஒரு வயது நிறையும் முன்பே இறந்தது.

செத்தவீட்டில் ஆண்டவர் தமது தோட்டத்துக்கு ஒரு மலரைப் பறித்துக்கொண்டார் என்று பிரசங்கம் வைத்தார்கள். ஆண்டவரை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த மூட்டைகளில் எவருடைய விலாசமும் இல்லை, அவருடையது உட்பட. நாகேந்திரம் வெள்ளை உடுத்து வந்தார். மலர்வளையம் வைத்தார். ரொனியைக் கட்டிப்பிடித்து அழுதார்; அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். போகும்போது, "இந்த நேரத்தில உங்களுக்கு இந்தப் பாரம் வேண்டாம்" என்று, காய்ந்தது காயாதது எல்லா மூட்டைகளையும் வானில் ஏற்றிக்கொண்டு போனார். இமெல்டா அவருக்கு நன்றி சொன்னாள்.

அடக்கம் முடிந்த பிறகு டொக்டர் யதுஷா தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு இருத்தி, நடந்ததை விளங்கப்படுத்தினாள். கோழியில், முட்டையில், மிருகத் தீனியில் இந்தக் கிருமி இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டு போனபோது ரொனி மெல்லத் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான்.

"அது காய்ஞ்ச சாமான் டொக்டர்," என்றாள் இமெல்டா, யாரும் கேட்காமலே. "நல்லாக் காய்ஞ்சது."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். "எது அக்கா?"

இமெல்டா எல்லாம் சொல்லி முடித்தபோது டொக்டரின் கண் நிறைந்திருந்தது. "காய வைச்சால் இது சாகாது அக்கா. மாதக்கணக்கா அப்பிடியே கிடக்கும். வாய்க்குள்ள போனால் திரும்ப எழும்பும். சவுக்காரம் போட்டுக் கை கழுவினால் போயிருக்கும்…" சொன்னபிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நிறுத்தினாள். "அந்த மூட்டையில கொஞ்சம் கொண்டுவாங்கோ. பரிசோதிப்பம்."

மூட்டை எங்கே இருக்கிறது?

ரொனி அன்றைக்கே இமெல்டாவைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனான். கடையில் மாடிவீட்டு அம்மா ஒருத்தி அங்கே மிஞ்சியிருந்த கடைசி இரண்டு பொலித்தீன் பைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். இமெல்டா மெழுகுதிரியில் ஒட்டிய பைகள். அந்த அம்மா போகும்வரை ரொனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தச் சாமானில கிருமி எண்டு டொக்டர் சொல்லுது. ஒரு மூட்டை தாங்க, செக் பண்ணோணும்."

"இஞ்ச ஒண்டும் இல்லைத் தம்பி. மிச்சத்தைக் காயவைக்க உங்கட கொட்டாஞ்சேனைப் பக்கமே வேற வீட்டில குடுத்திட்டன்." நாகேந்திரம் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ. சோடா குடிக்கிறீங்களே? இவ்வளவு சாமான் வித்திருக்கிறன். ஒரு நாய் செத்ததெண்டு ஆரும் வந்து சொன்னவையே?"

"என்ட பிள்ளை நாயா?"

"தம்பி, சத்தம் போடாதையும். ஆக்கள் போயினம் வருகினம்."

நாய் சாகாது. பெரும்பாலான நாய்களுக்கு இந்தக் கிருமியால் ஒன்றும் தெரியாது. வயிற்றில் வைத்துக்கொண்டு, வாயாலும் மலத்தாலும் வீடு முழுவதும் பரப்பிக்கொண்டு, சந்தோசமாக ஓடித்திரியும். அந்த மாதம் வெள்ளவத்தை மாடிவீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு "பல்லு வயித்தால" போனது? யாரும் எண்ணவில்லை.

நாகேந்திரம் இமெல்டாவின் பக்கம் திரும்பினார். குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "தங்கச்சி, நான் ஒளிச்சுத் தந்தனானே? ஈரம் பிடிச்ச சாமான் எண்டு சொல்லித்தான் தந்தன். வடிவாக் காய்ஞ்சுது எண்டு எனக்குச் சொன்னது ஆர்? நீர்தானே. இப்ப அதில பிழை எண்டால், அது சரியாக் காயேல்லை எண்டுதானே அர்த்தம்?"

ரொனி அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். பொலிசுக்குப் போகலாம் என்று நான் பிறகு சொன்னபோது, "மூட்டை இல்லாம என்னத்தக் காட்டுறது?" என்று கேட்டான்.

ஆனால் நாகேந்திரத்தின் அந்த வார்த்தை இமெல்டாவின் மனதில் வேர்விட்டுவிட்டது. டொக்டர் சொன்னது அங்கே போகவே இல்லை. எப்படிப் போகும்? டொக்டர் சொன்னதை ஏற்றால், தகப்பனும் தகப்பனின் தகப்பனும் நம்பிய உலகம் இடிந்து விழும். நாகேந்திரம் சொன்னதை ஏற்றால் உலகம் அப்படியே நிற்கும்; அவள் ஒருத்தி மட்டும் குற்றவாளி. அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஒரு பின்னேரம் மேகம் மூடியபோது அவசரமாக அள்ளிய ஒரு விரிப்பு அவளுக்கு நினைவு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்டைக்கு இன்னும் ஒரு வெயில் போட்டிருந்தா…" என்கிறாள். சமைக்கும்போது சொல்கிறாள், உடுப்புக் காயப்போடும்போது சொல்கிறாள்.

கொன்ஸ்ரன்ஸும் அதையே பிடித்துக்கொண்டாள். "மேகத்தைப் பாத்தோன சோம்பேறி மாதிரி அள்ளினவள்தானே. எனக்குத் தெரியாதா?" என்கிறாள். கொத்தமல்லியைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. அவளும் அந்தப் பிள்ளையின் தொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறவள்தான்.

நான் இமெல்டாவை இருத்தி எடுத்துச் சொன்னேன். இது வெயிலின் குறையல்ல. பத்து வெயில் போட்டிருந்தாலும் அந்தக் கிருமி இருந்திருக்கும். வெள்ளத்தில் நனைந்த தீனி எரிக்க வேண்டிய பொருள். அதைக் காயவைக்கத் தந்தவனின் குற்றம். கை கழுவாதே என்று சொன்னவனின் குற்றம். இது எங்கள் வேலை அல்ல என்று முட்டையைப் புரட்டுகிற ஏற்பாட்டின் குற்றம். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். கடைசியில் எழும்பி, "ஓம், நீங்க படிச்ச ஆள்" என்று சொல்லிவிட்டு ஸ்லாப்புக்கு ஏறிப் போனாள்.

இப்போது அவள் வெயில் நாட்களில் வீட்டில் இருப்பதில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நடந்து திரிகிறாள். மிச்ச மூட்டைகள் யாருடைய வீட்டு மேல்தட்டிலோ காய்கின்றன. அது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டைத் தேடுகிறாள். அங்கே இருக்கிற பெண்ணை எச்சரிக்க வேண்டுமாம். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன்.

"அவசரப்பட்டு அள்ள வேணாம், இன்னும் ஒரு வெயில் கூடப் போடுங்க எண்டு சொல்லுவன். பாவம், அவளுக்கும் பிள்ளை இருக்கும்."

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களே, அவளுக்கு முன்னால் நீங்கள் அந்த வீட்டைக் கண்டுபிடியுங்கள். உங்கள் மாடிக்கு ஏறிச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு ஸ்லாப்பில் படங்கு விரித்து பழுப்பு மணிகள் காய்ந்துகொண்டிருந்தால் படியேறிப் போங்கள். பக்கத்தில் பிள்ளை இருந்தால் முதலில் அதைத் தூக்கிக் கீழே கொண்டுபோங்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு சவுக்காரக் கட்டியைக் கொடுங்கள். பிறகு அந்த மணிகளில் ஒரு கைப்பிடியைப் பையில் கட்டி, டொக்டர் யதுஷாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.